மாலை போட்ட படத்துக்குக் கீழே

"உங்கட தம்பி இப்ப நல்ல அமைதி, அண்ணை" என்று, அவன் தங்கியிருக்கும் இடத்தை நடத்தும் பெரியக்கா தொலைபேசியில் சொன்னபோது நான் கிளிநொச்சிச் சந்தைக்கு முன்னால் ஆட்டோவை நிறுத்திவிட்டு வடை தின்றுகொண்டிருந்தேன். கடித்த வடை வாயில் அப்படியே நின்றது. எங்கள் பக்கத்தில் ஒருவர் திடீரென்று அமைதியாகிவிட்டால் நாங்கள் முதலில் நல்லதை நினைப்பதில்லை.

என் தம்பி அமைதியான ஆள் இல்லை. நாற்பதைத் தாண்டியும் ரோட்டில் போகிற ஒவ்வொரு பஸ்ஸையும் ஊருக்கு அறிவிப்பவன். வானொலியில் செய்தி வாசிப்பவருக்கு மறுமொழி சொல்பவன். யார் வந்தாலும் "இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்டு, பதில் பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே "சீ" என்பவன். எதையும் விளங்கிக்கொள்ள மற்றவர்களைவிட அவனுக்குக் கூட நேரம் எடுக்கும், பிறப்பிலிருந்தே அப்படி. ஆனால் ஒன்றை விளங்கிக்கொண்டுவிட்டால் அதை அவன் தலையிலிருந்து எடுக்க யாராலும் முடியாது. அம்மாவும் அப்பாவும் போனபின் சில காலம் எங்களோடு இருந்தான். பிறகு உருத்திரபுரத்தில் வாய்க்காலோரமாக இருக்கும் அந்த வீட்டுக்குப் போனான்.

விடுதி என்று சொன்னால் பெரியக்காவுக்குக் கோபம் வரும். "இது வீடு, அண்ணை. இஞ்ச இருக்கிறவை வீட்டுக்காரர். நாங்கள் கைகுடுக்க வந்தனாங்கள்" என்பார். அவருக்கு என்னைவிட வயது கூட, இருந்தும் நான் அவருக்கு அண்ணை, அவர் எனக்குப் பெரியக்கா. ஐந்தாறு ஆண்கள், எல்லோரும் தம்பியைப் போன்றவர்கள். தொடக்கத்தில் அது உண்மையாகவே வீடுதான். ஒருவர் தேத்தண்ணி ஊற்றுவார், அதில் பாதி நிலத்தில் ஊற்றப்படும். ஒருவர் முற்றம் கூட்டுவார், குப்பை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகும். தம்பி தேங்காய் திருவுவான், கோழிகளைப் பார்ப்பான். முடியாத இடத்தில் மட்டும் பக்கத்தில் ஒரு கை வரும். சோறு சில நாள் குழையும், சில நாள் அடிப்பிடிக்கும். எல்லோரும் சத்தம் போட்டுக்கொண்டு சாப்பிடுவார்கள்.

பிறகு அந்த வீட்டுக்கு நல்ல மனிதர்கள் வரத் தொடங்கினார்கள்.

முதலில் வெளிநாட்டில் இருக்கும் ஒருவர், தன் தகப்பனின் திவசத்துக்கு அங்கே ஒரு நேரச் சாப்பாடு கொடுத்தார். அதன் வீடியோவைப் பார்த்து இன்னொருவர் தாயின் நினைவுநாளுக்குக் கொடுத்தார். பிறகு பேரப்பிள்ளையின் பிறந்தநாள், மாமியின் ஆண்டுத் திவசம், யாரோ ஒருவரின் கல்யாண நாள். விறாந்தையை அடைத்து மண்டபம் ஆக்கினார்கள். அதில் ஒரு மேசை, நீலத் துணி, குத்துவிளக்கு, நடுவில் அன்றைக்குரியவரின் படம். செத்தவரென்றால் படத்துக்கு மாலை, பிறந்தநாளென்றால் கேக். முன்னால் இலையில் படையல். தம்பியும் மற்றவர்களும் வரிசையாக இருந்து கைகூப்பித் தேவாரம் பாடி, சாப்பிட்டு, கமராவைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும். சாப்பாடு கிளிநொச்சி ரவுனிலிருந்து வான் வண்டியில் வந்துவிடும். அதனால் சமைக்கிற குசினி பூட்டப்பட்டது. ஆபத்து வேண்டாம் என்று காஸ் சிலிண்டரையும் கழற்றிவிட்டார்கள். மண்டபத்தில் எச்சம் போடுகிறது என்று கோழிகளையும் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். சோற்றுக் கோப்பை கழுவக்கூட ஒரு அம்மா வந்தார். இவர்களுக்கு மிஞ்சிய வேலை கும்பிடுவதுதான்.

எனக்கும் அது நல்லதாகத்தான் தெரிந்தது. பாயாசமும் வடையுமாக ஒவ்வொரு நாளும் விருந்து. "என்னையும் அங்க கொண்டுபோய் விடுமன், உம்மட புட்டிலயிருந்து தப்பலாம்" என்று மனைவியிடம் பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை. நானே இரண்டு பேருக்கும் சேர்த்துச் சிரித்துக்கொண்டேன்.

வடையைத் துப்பிவிட்டு, ஏறியிருந்த ஒரு அம்மாவை "வேற ஆட்டோ பிடியுங்கோ, எனக்கு நெஞ்சு நோகுது" என்று இறக்கிவிட்டு உருத்திரபுரத்துக்கு விட்டேன். என் பயம் தனியாக வராது. குடும்பத்தோடு வரும். சந்தையடியில் "யாரோ அடித்திருக்கிறார்கள்" என்று ஒன்றுதான் இருந்தது. உருத்திரபுரம் திரும்பும் இடத்தில் "மயக்க மருந்து கொடுக்கிறார்கள்" வந்து ஏறியது. வாய்க்கால் கரைக்கு வந்தபோது "சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள்" வந்து முன்சீற்றில் என்னோடு நெருக்கிக்கொண்டு இருந்தது.

கேற்றடியில் ஒருவன் கையெல்லாம் எண்ணெயாக நின்றான். நல்ல உடம்பு. இவன்தான், என்று முடிவெடுத்தேன்.

"நீரோ என்ர தம்பியைப் பார்க்கிறது?"

"ஆரை?"

"நடிக்காதையும். கையில என்ன?"

"எண்ணெய், அண்ணை."

"என்னத்துக்கு எண்ணெய்? அவனைக் கட்டி வைக்கிறனியளோ? உண்மையைச் சொல்லும், நான் பொலிசுக்குப் போறதுக்கு முதல் ஒருக்கா மனுசத்தன்மையோட கேக்கிறன்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "நான் வோட்டர் பம்ப் திருத்த வந்தனான், அண்ணை. நீங்கள் இஞ்ச இருக்கிற ஆளோ? உள்ளுக்குப் போங்கோ, வெயில் படாதேங்கோ" என்று என் தோளைப் பிடித்து மெதுவாக உள்ளே அனுப்பிவைத்தான்.

தம்பி கட்டிலில் படுத்திருந்தான். நேராக, மல்லாக்க, கால்கள் இரண்டும் சேர்ந்து, கைகள் நெஞ்சில் கூப்பியபடி. பட்டப்பகல். வெளியே பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அவன் கண்கூட அசையவில்லை.

"டேய், பஸ் போகுது."

கூப்பிய கை கூப்பியபடியே இருந்தது.

"எங்கட வீட்டில இண்டைக்குக் கத்தரிக்காய்க் கறி" என்று பொய் சொன்னேன். கத்தரிக்காய் என்றால் அவன் எழும்பி அடிக்க வருவான். முகட்டைப் பார்த்தபடியே கிடந்தான். கன்னம் உள்ளே போயிருந்தது. சாறம் இடுப்பில் நிற்காமல் ஊசி குத்தியிருந்தார்கள்.

நான் துப்பறியத் தொடங்கினேன். சேர்ட்டைத் தூக்கி முதுகைப் பார்த்தேன். காலைப் பார்த்தேன், அக்குளைப் பார்த்தேன், இடுப்பில் தையல் அடையாளம் தேடினேன். தண்ணீர்ப் போத்தலை மணந்தேன். கட்டிலுக்குக் கீழே புகுந்து தலையை இடித்துக்கொண்டேன். ஒரு கீறல் கிடையாது. நகம் வெட்டியிருந்தது, தலை வாரியிருந்தது, பவுடர்கூடப் பூசியிருந்தது. இப்படிப் பராமரித்த ஒருவனை நான் அதற்கு முன் பார்த்த இடம் எது என்று யோசித்தேன். பிரேதப் பெட்டியில்தான் பார்த்திருக்கிறேன்.

பெரியக்கா வாசலில் நின்றார். "ஆஸ்பத்திரியிலயும் காட்டினனாங்கள், அண்ணை. ரத்தம், சலம் எல்லாம் பார்த்தவை, ஒண்டுமில்லையாம். சாப்பிடுறார் இல்லை, அதுதான் பிரச்சினை. இப்பிடியே போனா வார்டில வைச்சு மூக்காலதான் சாப்பாடு குடுக்க வேணும் எண்டு டொக்டர் சொன்னவர்."

"சாப்பிடாம எத்தினை நாள்? ஏன் எனக்கு முதலே சொல்லேல்ல?"

"முதல்ல தெரியேல்ல, அண்ணை. வரிசையில வந்து இருக்கிறார், கும்பிடுறார். கோப்பையைப் பக்கத்தில இருக்கிறவருக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். ஆரும் கவனிக்கேல்ல. சத்தமும் போடேல்ல. நாங்கள் நினைச்சம், திருந்திட்டார் எண்டு." கடைசிச் சொல்லைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு இலகுவாக இருந்திருக்கும். சட்டையைப் பிடிப்பதற்கு ஒரு ஆளைத் தேடித்தான் நான் வந்திருந்தேன். அங்கே அப்படி ஒருவரும் இல்லை. இருந்த ஒரேயொரு சந்தேக நபர் பம்பைத் திருத்திவிட்டுப் போய்விட்டான்.

பெரியக்கா போனபின் கட்டில் ஓரத்தில் இருந்தேன். "என்னடா நடந்தது? அண்ணாவுக்கு மட்டும் சொல்லு. ஆர் என்ன செய்தது?"

அவன் முகட்டைப் பார்த்தபடியே, பஸ் போனதை அறிவிக்கிற மாதிரிச் சொன்னான்.

"நான் செத்திட்டன், அண்ணா."

நான் சிரித்தேன். சிரிப்பு என்று நினைத்துத்தான் தொடங்கினேன், வெளியே வந்தது இருமல் மாதிரி ஒன்று.

"ஆர் சொன்னது?"

கூப்பிய கைகளில் ஒன்றை மட்டும் எடுத்துத் தலைக்கு மேலே காட்டினான். அண்ணாந்து பார்த்தேன். சுவரில் அவன் படம் தொங்கியது. பெரிய படம். பின்னால் நீல வானமும் முகிலும், தலையைச் சுற்றி ஒரு வெளிச்சம். படத்தில் காய்ந்து மண்ணிறமான மல்லிகை மாலை.

வந்தவுடனே அந்தப் படத்தை நான் பார்த்தவன்தான். வடிவாயிருக்கிறது என்று நினைத்துவிட்டு அக்குளைத் தேடினேன்.

அது எங்கள் தங்கச்சி செய்வித்தது. அவள் கனடாவில் இருக்கிறாள். கொஞ்ச நாளுக்கு முன் வந்த இவன் பிறந்தநாளுக்கு, ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் அங்கே பிறந்தநாள் நடக்கிறது, என் அண்ணனுக்கு இல்லையா என்று அந்த நாளைப் பிடித்துச் சாப்பாடு ஒழுங்கு செய்தாள். மேசையில் படம் வைப்பது அங்கே வழக்கம். வெளிநாட்டுப் பிள்ளை நேரில் வராது, அதனால் படம். இவன் நேரிலேயே இருக்கிறான் என்று யாரும் யோசிக்கவில்லை. ரவுன் ஸ்ரூடியோக்காரனுக்கு மேசைக்குப் படம் என்றால் நீல வானமும் முகிலும்தான். சாப்பாடு கொண்டுவந்த பெடியள் படத்தைக் கண்டதும் கைப்பழக்கத்தில் மாலையைப் போட்டுவிட்டார்கள். விளக்கு ஏற்றியாயிற்று, படையல் வைத்தாயிற்று, தேவாரம் பாடியாயிற்று. நான் அன்றைக்கு யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஹயர் சவாரி போயிருந்தேன்.

அந்த மேசையில் எத்தனை படங்களை அவன் கும்பிட்டிருப்பான். ஒவ்வொரு முறையும் யாராவது அழுதிருப்பார்கள், யாராவது அவனிடம் சொல்லியிருப்பார்கள், இவர் செத்துப்போனார், இவருக்காகக் கும்பிடுங்கோ என்று. மெதுவாக, நன்றாக விளங்கி வைத்திருந்தான். அப்படி இருக்கையில் ஒருநாள் வரிசையில் வந்து இருந்து நிமிர்ந்து பார்த்தால் மேசையில் அவனே இருக்கிறான்.

"செத்தவை சாப்பிடக் கூடாது" என்றான். "முன்னால வைப்பினம். அவை தொடுறேல்ல. மற்றவைதான் சாப்பிடுறது."

இதற்குப் பிறகு நான் செய்தவை எல்லாம் இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்போது மிகவும் புத்திசாலித்தனமாகத் தெரிந்தன. கட்டில்மேல் ஏறி மாலையைப் பிய்த்து எறிந்தேன். படத்தைக் கழற்றினேன். அவன் தலையை உயர்த்திச் சுவரில் வெறுமையாக இருந்த ஆணியைப் பார்த்தான். "ஆணி இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்தான். ஆணியைப் பிடுங்கப் பார்த்தேன், அது என் கையைக் கிழித்தது. கையைக் கிள்ளினேன், "நோகுதோ?" என்றேன். "நோகுது." "செத்தவனுக்கு நோகுமோடா?" யோசித்தான். "அவையிட்ட ஆரும் கேக்கிறேல்ல" என்றான். கண்ணாடியைக் கொண்டுவந்து முகத்துக்கு முன்னால் பிடித்தேன். சட்டத்துக்குள் இன்னொரு படத்தைக் கண்டவன்போலக் கண்ணை மூடிக்கொண்டான். அது நான் செய்த ஆகப் பெரிய பிழை.

பெரியக்கா ஓடிவந்தார். விசயத்தைச் சொன்னேன். சுவரோடு சாய்ந்து நின்றுவிட்டார். "ஐயோ, நான்தானே அண்ணை கட்டிலுக்கு மேல கொழுவி விட்டனான். ஆசையா இருக்கட்டும் எண்டு." பிறகு அவனுக்குப் பக்கத்தில் குந்தி, "தம்பி, நீங்கள் சாகேல்ல அப்பன். அது உங்கட பிறந்தநாள்" என்றார்.

"கேக் வெட்டேல்ல" என்றான் தம்பி.

பெரியக்கா என்னைப் பார்த்தார். "கேக் பிந்தி வந்தது. இவை படுத்தாப்பிறகு."

கனடாவுக்கு அடித்தேன். அங்கே விடியவில்லை. தங்கச்சி பதறிக்கொண்டு எடுத்தாள், கேட்டாள், அழுதாள், பிறகு என்மேல் பாய்ந்தாள். "நீ பக்கத்தில இருக்கிறாய். நான் இஞ்சயிருந்து என்னத்தைச் செய்ய? நல்லதுக்குத்தானே செய்தனான்?" எல்லோரும் நல்லதுக்குத்தான் செய்தார்கள். கெட்டதுக்கு ஒருவன் செய்தால் அவனைப் பிடித்து நிறுத்தலாம்.

"அவரிட்டக் குடு, நான் சொல்லுறன்" என்றாள். ஒலிபெருக்கியில் போட்டுக் கட்டிலில் வைத்தேன். "சின்னண்ணா, நீ உயிரோட இருக்கிறாய்!" என்று அவள் விம்மி விம்மிக் கத்தினாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். "அழுகிறாள்" என்று எனக்குச் சொன்னான். அது அவனுக்கு இன்னும் ஒரு சாட்சி.

பெரியக்கா ஒரு கோப்பையில் சோறும் பருப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போனார். அது அவன் தலைமாட்டில் ஸ்ரூலில் இருந்தது. அவன் கால் கணுவைப் பார்த்தேன். ஊசி குத்திய சாறத்தைப் பார்த்தேன். மூக்கில் குழாய் போனால் இவன் அதைப் பிடுங்குவான், கையைக் கட்டுவார்கள், கட்டினால் அதற்கும் ஒரு காரணத்தை விளங்கிக்கொள்வான். நியாயம் பேசி வெல்ல முடியாத இடத்தில் என்னிடம் மிஞ்சியது என் பழைய சரக்கான பொய்யும் பகிடியும்தான்.

"டேய்" என்றேன், குரலைத் தாழ்த்தி. "ஒருத்தருக்கும் சொல்லாத. நானும் செத்திட்டன்."

முதல் முறையாக என் பக்கம் தலையைத் திருப்பினான். "நீயும் செத்தனியோ?"

"ஓம்."

"எப்ப?"

"கொஞ்ச நாள். ஆட்டோ ஓடேக்க."

"மேசையில படம் வைச்சவையோ?"

"உன்ர அண்ணி கஞ்சத்தனம் பிடிச்சவள், சின்னப் படமாத்தான் வைச்சவள்."

அவன் அதை ஏற்றுக்கொண்டான். என் மனைவியை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"செத்தவைக்குப் பசிக்குமடா" என்றேன். "மற்றவைக்கு முன்னால சாப்பிடுறேல்ல, அவ்வளவுதான். செத்தவை தங்களுக்குள்ள இருந்து சாப்பிடலாம். இப்ப இஞ்ச ஆர் இருக்கினம்? நீயும் நானும்."

அறையைச் சுற்றிப் பார்த்தான். எழும்பி இருந்தான். நான் ஒரு பிடி குழைத்து என் வாயில் வைத்தேன், அவசரத்தில் பாதி மடியில் விழுந்தது. இன்னொரு பிடி நீட்டினேன். வாயைத் திறந்தான். விழுங்கும்போது தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கோப்பை முடிந்தது. வெளியே போய்க் கிணற்றடியில் நின்று, ஒருவரும் பார்க்காமல் வயிற்றிலிருந்த எல்லாவற்றையும் சத்தியெடுத்தேன். சந்தோசத்தில் சத்தியெடுப்பவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

திரும்பி வந்தபோது முற்றத்தில் சாப்பாட்டு வான் நின்றது. மண்டபத்தில் நீலத் துணி விரித்து, யாரோ ஒரு தடித்த ஐயாவின் படம் வைத்து, விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தம்பி நடந்து வருவதைக் கண்ட பெரியக்காவின் முகம் பூரித்தது. "எழும்பிட்டார்! வாங்கோ தம்பி, வாங்கோ, வந்து இருங்கோ."

அவன் என் கையைப் பிடித்தான். பிடித்துக்கொண்டே போய் வரிசையில் தன்னிடத்தில் இருந்து, என்னையும் இழுத்துப் பக்கத்தில் இருத்தினான். எழும்பி ஓட எனக்குத் தைரியம் வரவில்லை, கையை விட்டால் மறுபடியும் படுத்துவிடுவானோ என்ற பயம். மடியில் பருப்பு, கையில் ஆணி கிழித்த இரத்தம், கட்டிலுக்குக் கீழே பூசிய தூசி. கண்ணும் சிவந்திருந்திருக்கும்.

பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மா வரிசையில் சோறு வைத்துக்கொண்டு வந்தார். என் முன்னால் நின்று, காது கேளாதவனுக்குச் சொல்வதுபோல உரத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "சாப்பிடுங்கோ அப்பன். வடிவா... நிறைய... சாப்பிடுங்கோ, என்ன?" என் தலையைத் தடவினார்.

நான் ஊரறிந்த வாயாடி. சந்தையில் என் வாய்க்குப் பயந்து மீன்காரர் விலை குறைப்பார்கள். "அம்மா, நான் ஆட்டோக்காரன்" என்று சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை. அந்தக் கையில் அவ்வளவு இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்துக்கு முன்னால் நான் ஆட்டோக்காரன் இல்லை, பகிடிக்காரன் இல்லை, ஒருவருமில்லை. கமராப் பெடியன் வந்து நின்று, "ஐயா, அந்தப் படத்தைப் பார்த்து நன்றி எண்டு சொல்லுங்கோ" என்றான்.

"நன்றி" என்றேன்.

கைகளும் தாமாகவே கூப்பிக்கொண்டன. அதைக் கண்டபோதுதான் நான் உண்மையாகப் பயந்தேன். அடி, மருந்து, சிறுநீரகம் என்று அதுவரை பயந்ததெல்லாம் விளையாட்டு. சோறு ஆறுவதற்குள் நானே அரைவாசி செத்திருந்தேன். தம்பி இங்கே எவ்வளவோ காலமாக இருக்கிறான். வரிசையை அங்குமிங்கும் பார்த்தேன். எல்லோரும் நேராக, சுத்தமாக, பவுடரோடு, கைகூப்பியபடி இருந்தார்கள். ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சத்தம் இல்லை.

எழும்பினேன். தம்பி சாறத்தைப் பிடித்து இழுத்தான். "இரு அண்ணா. எழும்பக் கூடாது."

"நாங்கள் வெளிக்கிடுவம்."

"ஐயா, ஒரு நிமிசம் இருங்கோ, இப்பதான் எடுக்கிறன்" என்றான் கமராப் பெடியன். பட்டுச்சேலை அம்மா பெரியக்காவைப் பார்த்தார், இவருக்கு ஏதோ செய்கிறது என்கிற மாதிரி. நான் தம்பிக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு கோப்பையையும் தூக்கிக்கொண்டு எழும்பினான்.

பெரியக்கா கேற்வரை பின்னால் வந்தார். "எங்க அண்ணை கொண்டுபோறியள்? வீட்டில ஆர் பார்க்கிறது? இந்தக் கிழமை முழுக்க ஆக்கள் வருகினம், நான் அவைக்கு என்ன சொல்ல?"

"நீங்கள் அந்தக் குசினியைத் திறவுங்கோ, பெரியக்கா."

"திறந்தா வாறவையை வரவேண்டாம் எண்டு சொல்ல வேணும். வராட்டி எண்ணெய்க்கும் சவுக்காரத்துக்கும் ஆர் தாறது?" அவர் கேட்டது நியாயம். ஆட்டோவை ஸ்ரார்ட் பண்ணினேன்.

ஸ்கந்தபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மனைவி தையல் மெசினில் இருந்தாள். மத்தியானச் சமையல் முடிந்து குசினி துடைத்து வைத்திருந்தது. தம்பி நேரே குசினி வாசலுக்குப் போனான். உள்ளே வரவில்லை. அடுப்பைப் பார்த்தபடி நின்றான். அவன் கால்கள் இரண்டும் மெதுவாக ஒன்றோடொன்று சேர்ந்தன.

"எரியேல்ல" என்றான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. செத்தவீட்டில் நாங்கள் அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர்தான் சமைத்துக் கொண்டுவருவார்கள். அம்மா போனபோதும் அப்பா போனபோதும் அவன் அதைப் பார்த்தவன். ஒவ்வொரு நாளும் பூட்டிய குசினி, ஒவ்வொரு நாளும் வெளியிலிருந்து சாப்பாடு. அந்தப் படம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அவன் ஒரு செத்தவீட்டில்தான் இருந்திருக்கிறான். யார் செத்தது என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியாமல் இருந்தது.

நெருப்புப் பெட்டியைத் தேடினேன். ஒரு குச்சி முறிந்தது, மற்றது அணைந்தது, மூன்றாவது என் விரலைச் சுட்டது.

"என்னப்பா, இந்த நேரத்தில ஆருக்கு அடுப்பு மூட்டுறியள்?" மனைவி எழும்பி வந்தாள்.

"பத்த வையுமப்பா. கேள்வி கேளாம பத்த வையும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், காய்ந்த தென்னம் பன்னாடை எடுத்து மூட்டினாள். விறகு பற்றிப் புகை கிளம்பியது. தம்பி உள்ளே வந்து நெருப்புக்குப் பக்கத்தில் குந்தினான். கொண்டுவந்த கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு, "அண்ணியும் செத்திட்டாவோ?" என்று என்னிடம் கேட்டான்.

மனைவி திரும்பி என்னைப் பார்த்த பார்வைக்கு, நான் உண்மையாகவே செத்திருக்கலாம்.

"இல்லைத் தம்பி" என்றாள். "எனக்கு இன்னும் வேலை கிடக்கு."

அன்று தொடக்கம் அவன் எங்களோடு இருக்கிறான். இப்போது பஸ்ஸை அறிவிக்கிறான், முன்னர் அளவு சத்தமில்லை. தேங்காய் திருவுகிறான். பெரியக்கா இடைக்கிடை எடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் குசினியைத் திறந்திருக்கிறாராம், உயிரோடு இருப்பவரின் படத்தை மேசையில் வைக்க இனி விடமாட்டாராம், தம்பியின் கட்டிலை இன்னும் ஒருவருக்கும் கொடுக்கவில்லையாம். கொடுக்கச் சொல்லவும் என்னால் முடியவில்லை, கொடுக்காதே என்று சொல்லவும் முடியவில்லை.

ஒன்று மட்டும் மாறவில்லை. நான் பக்கத்தில் இருந்து முதல் பிடியை வாயில் வைத்தால்தான் அவன் சாப்பிடுகிறான். ஹயரில் பிந்திவிட்டால் கோப்பை மூடியபடி இருக்கிறது, அவன் அதற்கு முன்னால் கைகூப்பிக்கொண்டு இருக்கிறான். நான் சாகவில்லை, சும்மா பகிடிக்குச் சொன்னேன் என்று சொல்லிப் பார்த்தேன். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. உடனே, இல்லையடா செத்திட்டன், செத்திட்டன் என்று பதறிக்கொண்டு சத்தியம் பண்ணினேன்.

"நீங்கள் உண்மையாப் போனா இவர் என்ன செய்வார்?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள். பகிடி இல்லை, சும்மா கேட்டாள், உடுப்பு மடித்துக்கொண்டு. எனக்குப் பிரசர் இருக்கிறது. மருந்தை ஒழுங்காக எடுத்ததில்லை.

இப்போது எடுக்கிறேன். மத்தியானம் எந்தச் சவாரி வந்தாலும் திருப்பிவிட்டு வீட்டுக்கு ஓடுகிறேன். கண்டாவளைப் பக்கம் கூப்பிட்டால் தூரம் என்று மறுக்கிறேன். லொறி எதிரே வந்தால் ஆட்டோவை வயலுக்குள் இறக்கிவிடுகிறேன், ஆட்டோ ஸ்ராண்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கை கழுவிவிட்டு அவனுக்குப் பக்கத்தில் போய் இருக்கிறேன்.

"பிந்திட்டாய்" என்கிறான்.

"ரோட்டில சனம்" என்கிறேன். சோற்றைக் குழைத்து முதல் பிடியை வாயில் வைக்கிறேன். அவன் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அது இறங்கும்வரை அவன் கை கோப்பைக்குப் போவதில்லை.